பெட்ரோல் பம்பில் ஆக்டேன் எண்ணை எழுதி வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலத்தில் பெட்ரோல் பங்க்கில் காரை நிறுத்தினால், எவ்வளவுக்கு என்று கேட்பதற்கு முன்பாகவே "சார், பவர் போடட்டுங்களா?" என்ற கேள்வி வந்துவிடுகிறது. பவர் என்பது சாதாரண பெட்ரோலைவிடக் கூடுதல் விலைக்கு விற்கும் ஒரு ரகம். கேட்கிற பையன்மீது எனக்கு வருத்தம் இல்லை. சொல்லிக் கொடுத்ததைத்தான் அவன் கேட்கிறான். "பவர் போட்டா என்னப்பா ஆகும்?" என்று சென்ற மாதம் நான் திருப்பிக் கேட்டபோது, "வண்டி நல்லா இழுக்கும் சார், மைலேஜும் கூடும்" என்றான். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பிரிவு மாணவர்களுக்கு இருபத்தொன்பது ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்தப் பதில் நம் ஊர்களில் ஓடும் பெரும்பாலான கார்களுக்குப் பொருந்தாது என்பதையும், அப்படியொரு பதில் இத்தனை காலமாக உலவுவதற்கு எண்ணெய் நிறுவனங்கள் ஆக்டேன் எண் என்ற ஒரு சிறிய எண்ணை மக்கள் கண்ணில் படும்படி எழுதி வைக்காததே காரணம் என்பதையும் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

இதை எழுதத் தூண்டியது என் பக்கத்து வீட்டுக்காரரின் அனுபவம். அவர் வைத்திருப்பது 2014ஆம் ஆண்டு வாங்கிய, டர்போ இல்லாத, சாதாரணமான சிறிய கார். ஏற்காடு ஏறும்போது கொண்டை ஊசி வளைவுகளில் இன்ஜினிலிருந்து, தகர டப்பாவில் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கியது போன்ற சத்தம் வந்திருக்கிறது. பங்க்கில் சொன்னபோது பவர் பெட்ரோல் போட்டால் சரியாகிவிடும் என்றார்கள். போட்டார், சத்தம் ஓரளவு குறைந்தது. அன்றிலிருந்து மூன்று ஆண்டுகள் அதையே போட்டு வந்தார். அவர் எடுத்து வைத்திருந்த ரசீதுகளின்படி லிட்டருக்கு எட்டு ரூபாய் கூடுதல். ஆண்டுக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர், லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் என்று கணக்கிட்டால், ஆண்டொன்றுக்கு ஐயாயிரத்து முந்நூறு ரூபாய்க்கு மேல் வருகிறது. ஓய்வூதியத்தில் குடும்பம் நடத்துகிறவருக்கு அது சிறிய தொகை அல்ல. இந்தத் தீபாவளிக்கு முன்பு சத்தம் மறுபடியும் பெரிதானபோதுதான் என்னிடம் சொன்னார். வண்டியோடு வந்த கையேட்டைப் புரட்டிப் பார்த்தோம். 91 ஆக்டேன் போதும் என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. பிறகு எனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டியபோது, அந்த இன்ஜினுக்கு உரிய ரகத்தைவிடச் சூடாக ஓடக்கூடிய ஸ்பார்க் பிளக்குகளை எப்போதோ யாரோ மாட்டியிருந்ததும், பிஸ்டன் தலையில் கரி தடிமனாகப் படிந்திருந்ததும் தெரிந்தன. கரியை நீக்கி, சரியான பிளக்குகளைப் போட்டதோடு சத்தம் நின்றது. இப்போது சாதாரண பெட்ரோலிலேயே ஏற்காடு போய் வருகிறார். நோய் ஒன்றாக இருக்க, அதன் அறிகுறியை மட்டும் அடக்குவதற்கு அவர் மூன்று ஆண்டுகள் பணம் கட்டியிருக்கிறார்.

ஆக்டேன் எண் எதைக் குறிக்கிறது என்று தெரிந்திருந்தால் இது நேர்ந்திருக்காது. பெட்ரோல் இன்ஜினில் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையைப் பிஸ்டன் மேலே வந்து அமுக்குகிறது. அது உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பு ஸ்பார்க் பிளக் பொறி விடுகிறது. பொறி விழுந்த இடத்திலிருந்து தீ சீராகப் பரவிச் சிலிண்டரின் மறுபக்கச் சுவரை எட்ட வேண்டும். ஒரு முனையில் பற்றிய வைக்கோல் போரில் தீ அடுத்தடுத்து நகர்ந்து செல்வதைப் போன்றது இது. ஆனால் முதலில் எரிந்த பகுதி விரியும்போது, இன்னும் எரியாமல் ஓரத்தில் எஞ்சியிருக்கும் கலவையை அது மேலும் நெருக்கிச் சூடாக்குகிறது. அந்தச் சூடும் அழுத்தமும் ஓர் அளவைத் தாண்டினால், தீ வந்து சேரும் வரை காத்திராமல் அந்த ஓரக் கலவை தானாகவே ஒரே நேரத்தில் பற்றி வெடித்துவிடும். அப்போது எழும் அழுத்த அலை சிலிண்டர் சுவரிலும் பிஸ்டன் தலையிலும் மோதும் சத்தத்தைத்தான் மெக்கானிக்குகள் நாக்கிங் என்றும், இன்ஜின் இடிக்கிறது என்றும் சொல்கிறார்கள். தானாகப் பற்றிக்கொள்ளாமல் ஒரு பெட்ரோல் எவ்வளவு தூரம் பொறுத்துக்கொள்ளும் என்பதன் அளவே ஆக்டேன் எண். அது பொறுமையின் அளவு. வலிமையின் அளவு அல்ல. ஒரு லிட்டர் 91 ஆக்டேன் பெட்ரோலிலும் ஒரு லிட்டர் 95 ஆக்டேன் பெட்ரோலிலும் அடங்கியிருக்கும் வெப்ப ஆற்றல் ஏறத்தாழ ஒன்றுதான்.

நாக்கிங் தொடர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு என் வகுப்பறை மேசையில் பல ஆண்டுகள் ஒரு பிஸ்டன் இருந்தது. பழுது பார்க்கும் இடம் ஒன்றிலிருந்து கேட்டு வாங்கி வந்தது. அதன் தலை விளிம்பில், பிளக்குக்கு எதிர்ப்புறமாக, கறையான் அரித்த மரத்தைப் போல அலுமினியம் சிறு சிறு குழிகளாக அரிக்கப்பட்டிருக்கும். முதல் வளையத்திற்கு மேலுள்ள மெல்லிய விளிம்பில் விரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு உடைந்து போயிருக்கும். பாடத்தைக் கேட்டு மறந்த மாணவர்கள்கூட, அந்தக் குழிகளில் விரலை வைத்துத் தடவிப் பார்த்த பிறகு நாக்கிங்கை அலட்சியப்படுத்தியதில்லை. ஆகவே ஆக்டேன் எண் முக்கியமில்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது மிக முக்கியமானது. அதனால்தான் அதை விளம்பரப் பெயருக்குப் பின்னால் மறைத்து வைக்கக் கூடாது என்கிறேன்.

இந்த எண் எப்படி வந்தது என்பதும் தெரிந்துகொள்ளத் தக்கது. 1920களில் அமெரிக்காவில் எத்தில் நிறுவனத்தின் ஆய்வாளர் கிரஹாம் எட்கர் இரண்டு தூய திரவங்களை எடுத்துக்கொண்டார். மிக எளிதில் இடிக்கும் ஹெப்டேனுக்குப் பூஜ்யம் என்றும், அன்று கிடைத்தவற்றில் இடிப்பைப் பெரிதும் தாங்கிய ஐசோ ஆக்டேனுக்கு 100 என்றும் மதிப்பு வைத்தார்கள். ஒரு பெட்ரோல் 95 ஆக்டேன் என்றால், அதில் 95 சதவீதம் ஆக்டேன் இருக்கிறது என்று பொருளல்ல. 95 பங்கு ஐசோ ஆக்டேனும் 5 பங்கு ஹெப்டேனும் கலந்த திரவம் எந்த அளவுக்கு இடிப்பைத் தாங்குமோ அந்த அளவுக்கு அந்தப் பெட்ரோலும் தாங்கும் என்று பொருள். இதை அளப்பதற்கென்றே ஒற்றைச் சிலிண்டர் இன்ஜின் ஒன்று உண்டு. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே சிலிண்டரை உயர்த்தியும் தாழ்த்தியும் அமுக்க விகிதத்தை, அதாவது கலவை எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்பதை, மாற்றலாம். நிமிடத்திற்கு 600 சுற்றில், மிதமான நிலையில் அளந்தால் கிடைக்கும் ஆக்டேன் எண் ரோன் (RON). 900 சுற்றில், கலவையைச் சூடாக்கிக் கடுமையான நிலையில் அளந்தால் கிடைப்பது மோன் (MON). நம் நாட்டில் 2020இல் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 எரிபொருள் தரம் சாதாரண பெட்ரோலுக்கு விதித்த குறைந்தபட்ச அளவு ரோன் 91, மோன் 81. அமெரிக்காவில் இந்த இரண்டின் சராசரியைத்தான் பம்பில் எழுதுகிறார்கள். அங்கிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் "எங்கள் ஊரில் 87 போடுகிறோம், உங்கள் 91 அதைவிட உயர்ந்தது" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நம்முடைய 91ஐயும் 81ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 86 வருகிறது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தரம்தான்.

அப்படியானால் உயர் ஆக்டேன் பெட்ரோல் யாருக்கு வேண்டும்? அமுக்க விகிதம் கூடுதலாக உள்ள இன்ஜின்களுக்கும், டர்போ பொருத்தி அதிக அழுத்தத்தில் காற்றைத் திணிக்கும் சில இன்ஜின்களுக்கும் வேண்டும். அத்தகைய கார்களின் பெட்ரோல் மூடியைத் திறந்தால், உட்புறத்தில் 95 அல்லது அதற்கு மேல் என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். அவற்றில் 91 போட்டால், இன்ஜின் பிளாக்கில் பொருத்தப்பட்ட நாக் சென்சார் இடிப்பின் அதிர்வை உணர்ந்து கணினிக்குச் சொல்ல, கணினி பொறி விடும் நேரத்தைச் சற்றுத் தாமதப்படுத்தி இன்ஜினைக் காப்பாற்றும். அதற்கு விலையாக இழுவையும் மைலேஜும் குறையும். அவர்கள் கூடுதல் விலை கொடுப்பது நியாயமான செலவு. ஆனால் 91க்கு என்றே வடிவமைத்த இன்ஜினில் 95 போட்டால், பொறி விடும் நேரத்தை அதற்கென்று வகுத்த எல்லையைத் தாண்டி முன்னே கொண்டு போவதற்குப் பெரும்பாலான கார்களின் கணினிக்கு வழியே இல்லை. இடிக்காத இன்ஜினில் இடிப்பைத் தடுக்கும் பெட்ரோல் செய்வதற்கு வேலை ஒன்றும் இல்லை. 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் 100 ஆக்டேன் பெட்ரோலை அறிமுகப்படுத்தியபோது டெல்லியில் அதன் விலை லிட்டருக்கு 160 ரூபாய். அதைச் சாதாரணக் காரில் ஊற்றுவது பணத்தைப் புகைபோக்கி வழியாக விடுவதே ஆகும்.

வேறொரு விஷயத்தையும் இங்கே பிரித்துச் சொல்ல வேண்டும். பவர், ஸ்பீடு போன்ற பெயர்களில் விற்கப்படும் பெட்ரோல்களில் கரி படியாமல் துப்புரவு செய்யும் சேர்மானங்கள் சேர்க்கப்படுவதுண்டு. அது ஆக்டேனிலிருந்து வேறான குணம். சேர்மானம் சேர்த்த பெட்ரோலின் ஆக்டேன் எண் சாதாரண பெட்ரோலின் அளவிலேயே இருக்கலாம். இரண்டையும் ஒரே பெயருக்குள் அடக்கிவிட்டால் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்றே வாங்குகிறவருக்குத் தெரியாமல் போகிறது. வெயில் காலத்தில் இடிப்பு கூடும், மலை உச்சியில் காற்று மெலிந்திருப்பதால் குறையும் என்பதும் உண்மை. அமெரிக்காவின் ராக்கி மலைப் பகுதி மாநிலங்களில் இந்தக் காரணத்தால்தான் 85 எண்ணுள்ள பெட்ரோலைக்கூட விற்கிறார்கள். ஆனால் இவையெல்லாம் சிறு வேறுபாடுகள். கையேட்டில் சொன்ன பெட்ரோலைப் போட்டும் வண்டி இடிக்கிறது என்றால், முதலில் பார்க்க வேண்டியவை கரி, பிளக், ரேடியேட்டர் ஆகியவை. அதிக கியரில் வண்டியைத் திணறவிட்டு மேடு ஏற்றும் பழக்கத்தையும் பார்க்க வேண்டும். கியரைக் குறைத்தாலே பல வண்டிகளில் சத்தம் நின்றுவிடுகிறது.

இப்போது நான் முக்கியமாகக் கேட்க வந்த கேள்விக்கு வருகிறேன். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் குறித்து மக்கள் எழுப்பிய ஐயங்களுக்கு மத்திய பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் விளக்கம் ஒன்றை வெளியிட்டது. எத்தனாலின் ஆக்டேன் எண் சுமார் 108.5 என்றும், முன்பு 88 ஆகவும் பின்பு 91 ஆகவும் இருந்த சாதாரண பெட்ரோலின் தரம் எத்தனால் கலந்ததால் 95க்கு உயர்ந்துள்ளது என்றும் அதில் சொல்லப்பட்டது. எத்தனால் இடிப்பைத் தாங்கும் என்பதில் ஐயமில்லை. அது நூறு ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த உண்மை. ஆனால் சாதாரண பம்பிலேயே இன்று 95 கிடைக்கிறது என்றால், பக்கத்துப் பம்பில் 95 என்ற எண்ணைப் பெயரிலேயே வைத்துக் கூடுதல் விலைக்கு விற்கப்படும் பெட்ரோலை வாங்குகிறவர் எதற்காக அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுக்கிறார்? சேர்மானத்திற்காகவா? அப்படியென்றால் அதைச் சொல்லட்டும். அல்லது எல்லாப் பங்க்குகளிலும் எல்லா நாளும் சாதாரண பெட்ரோல் 95 ஆக இருப்பதில்லையா? அப்படியென்றால் அதையும் சொல்லட்டும். நான் போகும் பங்க்குகளில் ஒன்றில்கூடச் சாதாரண பெட்ரோல் பம்பில் ஆக்டேன் எண் எழுதப்பட்டிருக்கவில்லை. 95 வேண்டும் என்று கையேட்டில் உள்ள கார்க்காரர் சாதாரண பெட்ரோலை நம்பிப் போடலாமா, கூடாதா என்ற எளிய கேள்விக்குக்கூடப் பங்க்கில் விடை கிடைப்பதில்லை.

எண் உயர்ந்ததை மட்டும் சொல்லி மைலேஜைப் பற்றிப் பேசாமல் இருப்பதும் முறையல்ல. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள வெப்ப ஆற்றல் ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. எத்தனால் கலக்காத பெட்ரோலுக்காக வடிவமைத்து, 10 சதவீதக் கலப்புக்கு ஏற்பச் சீர்செய்யப்பட்ட கார்களில் 20 சதவீதக் கலப்பைப் போட்டால் மைலேஜ் ஆறு முதல் ஏழு சதவீதம் வரை குறையக்கூடும் என்று 2021இல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையே கூறியது. உயர்ந்த ஆக்டேனைப் பயன்படுத்திக்கொள்ளும்படி அமுக்க விகிதத்தைக் கூட்டி உருவாக்கிய புதிய இன்ஜின்கள் இந்த இழப்பில் ஒரு பகுதியை ஈடுசெய்யும். பழைய இன்ஜின்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவற்றுக்கு எண் உயர்ந்ததால் கிடைக்கும் பயன் மிகச் சொற்பம், ஆற்றல் குறைந்ததால் வரும் இழப்பு மட்டும் முழுமையாக வந்து சேரும். நான் எத்தனால் கலப்பை எதிர்ப்பவன் அல்ல. இறக்குமதிச் செலவு குறைவதும் கரும்பும் மக்காச்சோளமும் பயிரிடுவோருக்கு வருமானம் கிடைப்பதும் நல்லவையே. ஆனால் ஆக்டேன் உயர்ந்ததால் எல்லா வண்டிகளும் நன்றாக ஓடும் என்று பொதுவாகச் சொல்லும்போது, பங்க்கில் அந்தப் பையன் சொன்ன பதிலையே அரசும் சொல்வது போல ஆகிவிடுகிறது.

பெட்ரோலில் என்ன கலந்திருக்கிறது என்பதை மக்களுக்குச் சொல்லாமல் விட்டதால் நேர்ந்த தீங்குக்கு வரலாறு சாட்சி இருக்கிறது. 1921 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி, டெட்ரா எத்தில் ஈயத்தை மிகச் சிறிய அளவில் கலந்தால் இன்ஜின் இடிப்பது நிற்கும் என்று கண்டுபிடித்தார். எத்தனாலும் அதே வேலையைச் செய்யும் என்பது அவருக்கும் அவருடைய குழுவினருக்கும் தெரிந்தே இருந்தது. இருந்தாலும் ஈயமே விற்பனைக்கு வந்தது. அதுவும் ஈயம் என்ற சொல்லைத் தவிர்த்து எத்தில் என்ற பெயரில் வந்தது. 1924இல் நியூ ஜெர்சியில் அதைத் தயாரித்த ஆலையில் ஐந்து தொழிலாளர்கள் ஈய நஞ்சால் இறந்த பிறகு, 1925இல் தற்காலிகமாக நிறுத்தப்பட்ட விற்பனை 1926இல் மீண்டும் தொடங்கியது. நம் நாட்டில் 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோல் விற்பனைக்கு வந்து, 2000 பிப்ரவரியில்தான் நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் நிறுத்தப்பட்டது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது. இடைப்பட்ட காலத்தில் பெட்ரோல் புகை வழியாகக் குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் சேர்ந்தது. இன்றைய பெட்ரோல் அப்படிப்பட்ட நஞ்சு என்று நான் சொல்லவில்லை. அழகான பெயரைப் பம்பில் எழுதி உள்ளடக்கத்தை எழுதாமல் விடும் வழக்கம் அங்கே தொடங்கியது என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

இது செய்ய முடியாத காரியமும் அல்ல. இலங்கையில் பெட்ரோலின் பெயரே 92 ஒக்டேன், 95 ஒக்டேன் என்றுதான் வழங்குகிறது. விலை மாறும்போது அங்குள்ள நாளிதழ்கள் அந்த எண்ணோடுதான் செய்தி வெளியிடுகின்றன. மலேசியாவில் ரோன் 95, ரோன் 97 என்று கேட்டுத்தான் போடுகிறார்கள். அங்கேயுள்ள நம் உறவினர்களுக்குத் தம் வண்டிக்கு எந்த எண் என்று தெரிந்திருக்கிறது. நம் பங்க்குகளில் அன்றன்றைய அடர்த்தியை எழுதி வைக்கிறார்கள். கேட்டால், கலப்படம் உண்டா என்று பார்க்கும் வடிதாள் சோதனையைச் செய்து காட்ட வேண்டும், ஐந்து லிட்டர் அளவைக்கலத்தில் அளந்து காட்ட வேண்டும். இவையெல்லாம் நுகர்வோருக்கு உள்ள உரிமைகள். ஆனால் அடர்த்தியை வைத்தோ வடிதாளை வைத்தோ ஆக்டேனை அறிய முடியாது. அது சோதனைக்கூடத்தில் மட்டும் தெரியும் குணம் என்பதால், விற்பவர் சொன்னால்தான் வாங்குகிறவருக்குத் தெரியும்.

எனவே மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களும் தனியார் நிறுவனங்களும் ஒவ்வொரு பம்பிலும், விலை ஓடும் திரைக்குப் பக்கத்தில், மூன்று விவரங்களைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டும்படி பெட்ரோலிய அமைச்சகம் உத்தரவிட வேண்டும்: அந்தப் பெட்ரோலின் குறைந்தபட்ச ரோன் எண், அதில் கலந்துள்ள எத்தனாலின் சதவீதம், துப்புரவுச் சேர்மானம் உண்டா இல்லையா என்பது. பங்க் ஊழியர்களுக்கும், "பவர் போடட்டுமா" என்று கேட்பதற்குப் பதிலாக "உங்க வண்டிக்கு எத்தனை ஆக்டேன் சார்?" என்று கேட்கச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதுவரை வாசகர்கள் நாளை காலை வண்டியை எடுக்கும்போது பெட்ரோல் மூடியின் உட்புறத்தையும் கையேட்டின் எரிபொருள் பக்கத்தையும் ஒருமுறை பார்த்து, அங்கே உள்ள எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் விரிவுரையாளர்,
சேலம்.